நாம போட்ட ஓட்டும் அவங்க போட்ட தீர்மானமும்



குழுக் கூட்டத்துல சேமிப்பு வாங்கி, கடன் தவணை எழுதி, தீர்மானப் புத்தகத்துல எல்லாரும் கையெழுத்துப் போட்டு முடிச்ச பிறகுதான் பெரும்பாலும் ஊர்ப் பேச்சு ஆரம்பிக்கும். பல வருஷமாக எந்த ஊருக்குப் போனாலும் ஒரு வரி மட்டும் மாறாமல் காதில் விழும். "ஓட்டு கேட்டு வந்தப்ப திண்ணையில உட்கார்ந்து காபி குடிச்சாரு, ஜெயிச்ச பிறகு நம்ம தெருப் பக்கமே வரல." தலைவர் பெண்ணாக இருந்தால் வரி கொஞ்சம் மாறும். "அந்தம்மாவ எங்க பார்க்கறது, அவங்க வீட்டுக்காரர்தான் எல்லாம்."

கோபப்பட்டுப் பேசிவிட்டு எழுந்து போய்விடுகிறோம். ஆனால் அந்தக் கோபத்துக்குள் நல்ல கேள்வி ஒன்று இருக்கிறது. நாம தேர்ந்தெடுத்த ஊராட்சித் தலைவரும் வார்டு உறுப்பினரும் நம்ம எண்ணத்தை எவ்வளவு தூரம் பிரதிபலிக்கிறார்கள்? 'நம்ம எண்ணம்' என்று சொல்லும்போது யாருடைய எண்ணத்தைச் சொல்கிறோம்? இந்த மாதம் அதைக் கொஞ்சம் விவரமாகப் பார்க்கலாம்.

ஜெயிச்சவருக்கு எத்தனை பேர் ஓட்டு?

முதலில் ஒரு கணக்கு. குழுக் கணக்கு எழுதத் தெரிந்த நமக்கு இது சுலபம்.

ஒரு ஊராட்சியில் 2,000 வாக்காளர்கள் என்று வைத்துக்கொள்வோம். 1,500 பேர் ஓட்டுப் போடுகிறார்கள். தலைவர் பதவிக்கு ஐந்து பேர் நிற்கிறார்கள். முதல் ஆளுக்கு 450, அடுத்தவருக்கு 400, பிறகு 350, 200, 100. ஜெயிச்சவர் 450 வாங்கியவர். சட்டப்படி சரி. ஆனால் ஓட்டுப் போட்டவர்களில் 1,050 பேர் அவருக்குப் போடவில்லை. இன்னும் 500 பேர் சாவடிக்கே வரவில்லை. 2,000 பேரில் 450 என்றால் கால் பங்குகூட இல்லை.

அந்த 450 எங்கிருந்து வந்தது? கிராம ஊராட்சித் தலைவர், வார்டு உறுப்பினர் தேர்தல்களில் கட்சிச் சின்னம் கிடையாது. ஒன்றியக் கவுன்சிலருக்கும் மாவட்டக் கவுன்சிலருக்கும்தான் கட்சிச் சின்னம். அதனால் கிராமத்தில் ஓட்டு பங்காளி, மாமன் மச்சான், சாதி, தெரு என்று சேரும். ஜெயிச்சு வந்தவருக்கு எந்தத் தெரு போட்டது, எந்தத் தெரு போடவில்லை என்று மனப்பாடமாகத் தெரியும். சின்ன ஊரில் ஓட்டு ரகசியம் என்பது பெட்டிக்குள் மட்டும்தான். பிறகு எந்தத் தெருவுக்கு முதலில் சிமெண்ட் ரோடு வரும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

காசு விஷயத்தையும் சொல்லாமல் விட முடியாது. 2019 தேர்தலில் கிராம ஊராட்சித் தலைவர் வேட்பாளர் செலவு செய்ய அனுமதித்த உச்சவரம்பு 34,000 ரூபாய், வார்டு உறுப்பினருக்கு 9,000. உங்கள் ஊரில் எவ்வளவு செலவானது என்று உங்களுக்கே தெரியும். பதவியை ஏலம் விட்டு 'ஏகமனதாக' முடித்த ஊர்களைப் பற்றியும் செய்திகள் வந்தன. அப்படி ஏலம் விடுவது குற்றம் என்று மாநிலத் தேர்தல் ஆணையமே எச்சரித்தது. கோயிலுக்குப் பணம் வருகிறது, ஊர் ஒற்றுமை கெடவில்லை என்று சில பெரியவர்கள் இதற்கு நியாயம் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. ஏலத்தில் எடுத்தவர் ஏலப் பணத்தை எப்படித் திரும்ப எடுப்பது என்றுதான் பார்ப்பார். தெருவிளக்கு எரியவில்லை என்று நாம் போய்ச் சொன்னால், "உன் ஓட்டுலயா வந்தேன்?" என்று அவர் கேட்டால் பதில் இருக்காது. ஓட்டுக்குக் காசு வாங்கிய வீட்டுக்கும் கிட்டத்தட்ட அதே நிலைமைதான். கேட்கிற வாய் அடைத்துப்போகும்.

பெண்கள் கேட்பதும் ஆண்கள் கேட்பதும்

எங்கள் ஊர்க் கூட்டங்களில் ஒரு பயிற்சி செய்வோம், உங்களில் பலர் செய்திருப்பீர்கள். தரையில் கட்டம் போட்டு, தண்ணீர், ரோடு, கழிப்பறை, தெருவிளக்கு, சுடுகாட்டுப் பாதை, கோயில் முன்னால் மேடை என்று படம் வரைந்து, ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை கொடுப்பது. எது முக்கியமோ அதில் அதிகக் கொட்டை வைக்கணும். ஆண்களையும் பெண்களையும் தனித்தனியாக வைக்கச் சொன்னால் குவியல் ஒரே இடத்தில் விழாது. தண்ணீர் கட்டத்தில் பெண்கள் குவித்திருப்பார்கள். கொல்லைக்குப் போகிற இருட்டுப் பாதைக்கு விளக்கு வேண்டும் என்று கொட்டை வைப்பவர்களும் பெண்கள்தான். ஆண்கள் பக்கம் ரோட்டுக்கும் மேடைக்கும் போயிருக்கும். ஒரே வீட்டிலிருந்து வந்த புருஷனும் பெண்டாட்டியும்கூட வேறு வேறு கட்டத்தில் வைப்பார்கள். அப்படியென்றால் 'வாக்காளர் விருப்பம்' என்று ஒன்றே ஒன்று கிடையாது.

இதைப் பெரிய அளவில் ஆராய்ந்து பார்த்தவர்கள் உண்டு. மேற்கு வங்கத்தில் பீர்பூம் மாவட்டம், ராஜஸ்தானில் உதய்ப்பூர் மாவட்டம், இரண்டும் சேர்த்து 265 ஊராட்சிகள். ராகபேந்திர சட்டோபாத்யாய், எஸ்தர் டஃப்ளோ என்ற இரண்டு பேர் செய்த ஆய்வு, 2004-இல் வெளியானது. (டஃப்ளோ 2019-இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசை வேறு இருவரோடு பகிர்ந்துகொண்டவர்.) அவர்கள் செய்தது எளிமையானது. ஊராட்சிக்கு ஆண்கள் என்ன புகார் கொண்டு வந்தார்கள், பெண்கள் என்ன புகார் கொண்டு வந்தார்கள் என்று தனித்தனியாக எடுத்தார்கள். பிறகு, தலைவர் பதவி பெண்ணுக்கு ஒதுக்கப்பட்ட ஊராட்சிகளில் என்ன வேலை நடந்தது, ஒதுக்கப்படாத ஊராட்சிகளில் என்ன நடந்தது என்று ஒப்பிட்டார்கள். எந்த ஊராட்சி பெண்ணுக்கு என்பது சுழற்சியில் வருவதால், 'நல்ல ஊரில்தான் பெண் தலைவர் வந்தார், அதனால் வேலை நடந்தது' என்று தட்டிக்கழிக்க முடியாது.

இரண்டு மாநிலத்திலும் பெண்கள் அதிகம் கேட்டது குடிநீர். பெண் தலைவர் இருந்த இடங்களில் குடிநீர் வேலை அதிகமாக நடந்திருந்தது. இதைவிட எனக்குச் சுவாரசியமாகப் பட்டது ரோடு விஷயம். மேற்கு வங்கத்தில் பெண்கள் ரோடும் கேட்டார்கள், ஏனென்றால் ரோடு வேலைக்குப் போய்க் கூலி வாங்கியவர்கள் அவர்கள். அங்கே பெண் தலைவர்கள் ரோடு வேலையும் கூடச் செய்தார்கள். ராஜஸ்தானில் ரோடு கேட்டவர்கள் ஆண்கள். அங்கே பெண் தலைவர்கள் ரோட்டைக் குறைத்துக்கொண்டார்கள். பெண் என்றால் தண்ணீர், ஆண் என்றால் ரோடு என்று பிறவியிலேயே எழுதி வைத்திருக்கவில்லை. அந்த ஊர்ப் பெண்களின் பாடு எதுவோ அதை அந்த ஊர்ப் பெண் தலைவர் எடுத்துச் செய்திருக்கிறார். தலைவர் நாற்காலியில் யார் உட்காருகிறார் என்பதைப் பொறுத்து பணம் போகும் இடம் மாறுகிறது.

இதைப் படித்துவிட்டு, "பெண் வந்தா எல்லாம் சரியாயிடும்" என்று சொல்லிவிட முடியாது. நம்ம தென்மாநிலங்களில் ராடு பான், விஜயேந்திர ராவ் என்ற இருவர் செய்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், பொதுவாகப் பெண் தலைவர் ஊராட்சிக்கும் ஆண் தலைவர் ஊராட்சிக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. நிலமெல்லாம் ஆதிக்க சாதிக் குடும்பங்களிடம் குவிந்திருந்த ஊர்களில் பெண் தலைவர்களால் குறைவாகவே செயல்பட முடிந்தது. அனுபவம் கூடக் கூட நன்றாகச் செய்தார்கள். இதுதான் நம்ம ஊர் நிலைமைக்கு நெருக்கமாக இருக்கிறது. நாற்காலியில் பெண் உட்கார்ந்திருக்க, பேனா வேறு ஆள் கையில் இருந்தால் பிரதிபலிப்பது அந்தப் பேனாக்காரரின் எண்ணத்தைத்தான்.

தமிழ்நாட்டில் உள்ளாட்சியில் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு என்று இருந்தது, 2016-இல் சட்டம் திருத்தி பாதியாக ஆக்கப்பட்டது. 2019 தேர்தலில்தான் அது முதலில் நடைமுறைக்கு வந்தது. சுழற்சி நம்ம மாநிலத்தில் பத்து வருஷத்துக்கு ஒரு முறை மாறும், அதாவது இரண்டு தேர்தல் காலம். ஒரு பெண் முதல் ஐந்து வருஷம் கற்றுக்கொள்வதற்கே சரியாக இருக்கும், அடுத்த ஐந்து வருஷத்தில்தான் செய்ய முடியும். அந்த வகையில் இந்தப் பத்து வருஷ ஏற்பாடு நல்லது என்பது என் எண்ணம். ஆனால் ஒரே ஆளை மறுபடி நிற்க விடுகிறார்களா என்பது வீட்டுக்குள் நடக்கிற தனித் தேர்தல்.

நம்ம குழுவிலிருந்து போனவங்க

குழுவில் ஊக்குநராக, பிரதிநிதியாக இருந்து ஓட்டுக்கு நின்று ஜெயித்தவர்கள் நிறைய. நமக்குப் பெருமைதான். பேங்குக்குப் போய் மேனேஜரிடம் பேசிய பழக்கம் ஒன்றிய ஆபீசிலும் கைகொடுக்கிறது.

இருந்தாலும் ஒரு விஷயத்தை நமக்குள்ளேயே பேசிக்கொள்ளணும். நம்ம குழு அக்கா தலைவரானவுடன், "நாங்கதான் உனக்கு வேலை செஞ்சோம், எங்களுக்கு முதல்ல செய்" என்று நாமே போய் நிற்கிறோம். தையல் ஆர்டர் எங்க குழுவுக்கு, கடை எங்க குழுவுக்கு, வீடு எங்க உறுப்பினருக்கு. பங்காளிகள் செய்தால் பாரபட்சம், குழு செய்தால் உரிமையா? எந்தக் குழுவிலும் சேராத பெண்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். மாதச் சேமிப்புக் கட்ட முடியாதவர்கள், செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் குடும்பத்தோடு போய்விடுகிறவர்கள், வயசான தனிக்கட்டைகள். அந்த அக்கா அவர்களுக்கும் தலைவர்தான். நாம நிற்கிற வரிசையில் அவர்களுக்கும் இடம் விடணும்.

ஊர் விருப்பம் என்ற பெயரில்

பெரும்பான்மை விரும்புவதைச் செய்வதுதான் பிரதிநிதியின் வேலை என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், கொட்டகச்சியேந்தல் பெயர்களைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். முதல் மூன்றும் மதுரை மாவட்டம், கடைசி ஊர் விருதுநகர் மாவட்டம். 1996-இல் இந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. ஊரில் பெரும்பான்மையாக இருந்தவர்கள் ஏற்றுக்கொள்ளவில்லை. யாரையும் மனுப் போட விடவில்லை. நடுவில் மனுப் போட்டு ஜெயித்தவர்களும் பதவி ஏற்ற கையோடு ராஜினாமா கடிதம் கொடுத்தார்கள். யோசித்துப் பாருங்கள், அந்த ராஜினாமாவும் 'ஊர் விருப்பத்தை' நிறைவேற்றியதுதான்! பத்து வருஷம் இப்படிப் போனது. 2006 அக்டோபரில்தான் அங்கே முறையாகத் தேர்தல் நடந்து தலைவர்கள் பொறுப்பேற்றார்கள். அதே மதுரை மாவட்டம் மேலவளவில் தலைவராக ஜெயித்த முருகேசனையும் மேலும் ஆறு பேரையும் 1997 ஜூன் 30-ஆம் தேதி வெட்டிக் கொன்றார்கள்.

பழைய கதை என்று தள்ளிவிட வேண்டாம். 2020-இல் கடலூர் மாவட்டம் தெற்குத்திட்டை ஊராட்சியில், மற்றவர்கள் நாற்காலியில் இருக்க, தலைவரான தலித் பெண் தரையில் உட்கார்ந்திருந்த படம் வெளியாகி, வழக்குப் பதிவாகி, நாடே பார்த்தது.

ஒதுக்கீடு இருப்பதே, எண்ணிக்கையில் குறைந்தவர்களின், அழுத்தி வைக்கப்பட்டவர்களின் எண்ணம் பெட்டியிலிருந்து தானாக வராது என்பதால்தான். காலனிக்குத் தண்ணீர்க் குழாய் போடலாமா என்று ஊரைக் கேட்டு ஓட்டெடுக்க முடியாது. ஊர் வேண்டாம் என்றாலும் தலைவர் அதைச் செய்துதான் ஆகணும். ஏரி ஆக்கிரமிப்பை எடுப்பது, வீட்டு வரி போடுவது, தண்ணீர்க் கட்டணம் வசூலிப்பது எல்லாம் யாருக்கும் பிடிக்காத வேலைதான். நம்ம குழுவிலும் தவணை கட்டாத உறுப்பினரிடம் கறாராக இருக்கிற ஊக்குநரைத் திட்டுவோம், ஆனால் குழு உடையாமல் இருப்பது அவரால்தான். தலைவரை அளக்கும்போது இதையும் கணக்கில் எடுங்கள். "நீங்க சொன்னதைச் செய்யல, ஏன் செய்யலன்னு சொல்றேன் கேளுங்க" என்று சபையில் எழுந்து சொல்லுகிற தலைவர், தலையை ஆட்டிவிட்டு ஒன்றும் செய்யாதவரைவிட மேல்.

கை கட்டப்பட்ட தலைவர்

இன்னொரு பக்கத்தையும் பார்க்கணும். தலைவர் செய்ய நினைத்தாலும் முடியாத விஷயங்கள் நிறைய.

தெருவிளக்கு, குடிநீர், சாக்கடை, ஊருக்குள் ரோடு, சுடுகாடு, இடுகாடு, பொதுக் கழிப்பறை, குப்பை. இவை ஊராட்சியின் வேலைகள். இதற்குத் தலைவரைத்தான் கேட்கணும். முதியோர் பென்ஷன் தாசில்தார் ஆபீசில் முடிவாகிறது. ரேஷன் கார்டு உணவு வழங்கல் துறை. பள்ளிக்கூடத்துக்கு டீச்சர் போடுவது கல்வித்துறை. நாம எல்லாவற்றுக்கும் தலைவர் வீட்டுத் திண்ணைக்குப் போகிறோம். அவரும் "பார்க்கலாம்" என்கிறார். "அது என் கையில இல்ல" என்று சொன்னால் அடுத்த தடவை ஓட்டு விழாது என்ற பயம்.

பணமும் அப்படித்தான். 15-ஆவது நிதிக்குழு மானியத்தில் 2021-22 முதல் 2025-26 வரை ஊராட்சிகளுக்கு வந்ததில் 60 சதவீதம் குடிநீருக்கும் சுகாதாரத்துக்கும் மட்டும் என்று கட்டி அனுப்பிய பணம். மீதி 40 சதவீதத்தில்தான் ஊர் தேவைக்குத் தகுந்தபடி முடிவு செய்ய இடம், அதிலும் சம்பளம் கொடுக்கக் கூடாது. ஒரு விதத்தில் இது பெண்களுக்குச் சாதகம், தண்ணீர் பணத்தில் மேடை கட்ட முடியாது. இன்னொரு விதத்தில், ஊர் முடிவு செய்யும் முன்பே மேலே முடிவாகிவிடுகிறது.

அப்புறம் கையெழுத்து. ஊராட்சிக் கணக்கில் பணம் எடுக்கத் தலைவரும் துணைத் தலைவரும் இரண்டு பேரும் போடணும், 1994 ஊராட்சிகள் சட்டத்தில் உள்ள ஏற்பாடு. தலைவரை நாம் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறோம், துணைத் தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். தவறு நடக்காமல் இருக்க நல்ல பூட்டுதான் இது. ஆனால் தலைவர் தலித் பெண்ணாகவும் துணைத் தலைவர் ஊர்ப் பெரிய வீட்டு ஆளாகவும் இருந்தால் அந்தப் பூட்டுக்குச் சாவி யார் கையில் என்று சொல்லத் தேவையில்லை. மோட்டார் ரிப்பேர் செலவுக்குக்கூடக் கையெழுத்துக் கிடைக்காமல், சொந்த நகையை அடகு வைத்துச் சரி செய்த தலைவி ஒருவரை எனக்குத் தெரியும். வெளியே ஊர் சொன்னது, "இந்தம்மா வந்து ஒண்ணும் நடக்கல."

சரி, தலைவர் ஒரேயடியாக மோசம் என்றால் இறக்க முடியுமா? தமிழ்நாட்டில் வாக்காளர் திரும்ப அழைக்கும் உரிமை கிடையாது. முறைகேடு செய்தால் மாவட்ட ஆட்சியர் விளக்கம் கேட்டு, தாசில்தார் மூலம் மன்றத்தின் கருத்தைக் கேட்டு, பதவி நீக்கம் செய்யச் சட்டத்தின் 205-ஆவது பிரிவில் வழி இருக்கிறது. அந்த அதிகாரம் ஆட்சியர் கையில்தான், நம்ம கையில் இல்லை.

ஆளே இல்லாத காலம்

தேர்ந்தெடுத்தவர் சரியில்லை என்று பேசுகிறோம், தேர்தலே நடக்காமல் இருந்த வருஷங்களை மறந்துவிடுகிறோம். தமிழ்நாட்டில் 1970-க்குப் பிறகு 1986, அதற்குப் பிறகு 1996. அரசியல் சட்டத்தின் 73-ஆவது திருத்தம் 1993 ஏப்ரல் 24 முதல் அமலாகி, ஐந்து வருஷத்துக்கு ஒரு தேர்தல் கட்டாயம் ஆன பிறகுதான் 1996, 2001, 2006, 2011 என்று ஒழுங்காக நடந்தது. 2016 அக்டோபரில் நடக்க வேண்டிய தேர்தலை, பழங்குடியினர் ஒதுக்கீட்டில் குறை என்ற வழக்கில் உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. பிறகு 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில், 2021 அக்டோபரில் மீதி 9 மாவட்டங்களில். நடுவில் மூன்று வருஷம், அந்த 9 மாவட்டங்களில் ஐந்து வருஷம், தனி அலுவலர் ஆட்சி. அப்போது மாநிலத்தில் 388 ஒன்றியங்கள், 12,500-க்கு மேல் ஊராட்சிகள். ஒரு ஒன்றியத்துக்குச் சராசரி 32 ஊராட்சி. அத்தனைக்கும் வட்டார வளர்ச்சி அலுவலரே தனி அலுவலர் என்றால் உங்கள் தெருக் குழாய் அவருக்கு எப்படித் தெரியும்?

இதன் விலையை 2017-இல் பார்த்தோம். நெடுஞ்சாலையிலிருந்து 500 மீட்டருக்குள் மதுக்கடை கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2016 டிசம்பரில் உத்தரவு போட்டது. 2017 ஏப்ரலில் ரோட்டோரக் கடைகள் மூடியதும், பல இடங்களில் கடையை ஊருக்குள்ளே கொண்டு வரப் பார்த்தார்கள். எதிர்த்து ரோட்டில் உட்கார்ந்தவர்கள் பெண்கள். வேகாத வெயிலில் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஏன் ரோட்டுக்கு வந்தார்கள்? போய்க் கேட்க, "நீ எங்க ஓட்டுல வந்த ஆளு, எழுந்து வா" என்று கூப்பிட, ஊராட்சியில் ஒரு தலைவரோ வார்டு உறுப்பினரோ இல்லை. மோசமான பிரதிநிதியையாவது சட்டையைப் பிடித்துக் கேட்கலாம். 27 மாவட்டங்களில் 2025 ஜனவரி 5-ஆம் தேதியோடு பதவிக்காலம் முடிந்து, மறுபடியும் தனி அலுவலர்கள் வந்தார்கள்.

ஐந்து வருஷத்துக்கு நடுவில்

ஓட்டு என்பது ஒரே ஒரு சொல். தண்ணீர் வேண்டும், பள்ளிக்கூடப் பக்கம் சாராயம் வேண்டாம், சுடுகாட்டுக்குப் பாதை வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரு முத்திரையில் சொல்ல முடியாது. அதற்குத்தான் கிராம சபை. வாக்காளர் பட்டியலில் பெயர் உள்ள எல்லாரும் அதன் உறுப்பினர்கள். நாம அங்கே பார்வையாளர் இல்லை. ஊர்த் திட்டத்துக்கும் வரவு செலவுக்கும் ஒப்புதல் தருவது அந்தச் சபையின் வேலை. ஜனவரி 26, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2 என்று நான்கு இருந்தது, 2022 முதல் மார்ச் 22, நவம்பர் 1 சேர்த்து ஆறு ஆனது.

கூட்டம் செல்ல ஆள் கணக்கு உண்டு. மக்கள்தொகை 500 வரை உள்ள ஊராட்சிக்கு 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர், அதற்கு மேல் 300 பேர். 3,000 பேர் உள்ள ஊரில் 100 பேர் என்றால், ஏழெட்டுக் குழுக்கள் ஒன்றாக வந்தாலே பாதிக்கு மேல் நாம்தான். ஆனால் நடப்பது என்ன? குழுப் பெண்களை வரச் சொல்லிக் கையெழுத்து வாங்கி அனுப்பிவிடுகிறார்கள். கீழே நம்ம கையெழுத்து, மேலே பிறகு எழுதிய தீர்மானம். அடுத்த நாள் அது 'மக்கள் விருப்பம்' ஆகிவிடுகிறது. குழுக் கூட்டத்தில் ஊக்குநர் வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துக் கேட்டால் கொடுப்போமா? இங்கே மட்டும் ஏன்?

கிராம சபை பலன் தருமா என்று சந்தேகப்படுபவர்களுக்கு இதைச் சொல்லலாம். தமிழ்நாடு உட்பட நான்கு தென்மாநிலங்களில் 500-க்கும் மேற்பட்ட கிராமங்களில் செய்து 2005-இல் வெளிவந்த ஆய்வு ஒன்றில், கிராம சபை நடந்த ஊர்களில் நிலமற்றவர்களுக்கும் படிக்காதவர்களுக்கும் வறுமைக்கோட்டு அட்டை கிடைத்தது கூடுதலாக இருந்தது. அதே ஆய்வில் சபைக்கு வருவதில் பெண்கள் குறைவு என்பதும் தெரிந்தது.

அதனால் சபைக்கு ஒரு வாரம் முன்னால் குழுக்கள் கூடுங்கள். புளியங்கொட்டை வைத்துப் பாருங்கள், குழுவில் இல்லாத பெண்களையும் கூப்பிடுங்கள். கோரிக்கையை இடத்தோடு எழுதுங்கள். "தண்ணீர் வசதி செய்து தர வேண்டும்" என்று எழுதினால் அது காகிதம். "கிழக்குத் தெரு மேல்நிலைத் தொட்டியிலிருந்து கடைசி 14 வீட்டுக்குத் தண்ணீர் ஏறவில்லை, தனி வால்வு போட வேண்டும்" என்று எழுதினால் டேங்க் ஆபரேட்டர்கூட மறுக்க முடியாது. நீங்களும் கூட்டமைப்பும் தயாரிக்கிற கிராம வறுமைக் குறைப்புத் திட்டத்தை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தோடு சேர்த்திருக்கிறார்களா என்று சபையிலேயே வாசிக்கச் சொல்லுங்கள். ஒரே ஆள் எழுந்து பேசினால் "உட்காரும்மா" என்பார்கள். நாலு பேர் நாலு மூலையில் எழுந்தால் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

தீர்மானத்தை எழுதி முடித்து வாசித்த பிறகே கையெழுத்து. நகல் கேளுங்கள். தரவில்லை என்றால் 2005 தகவல் உரிமைச் சட்டத்தில் 10 ரூபாய் கட்டணத்தோடு ஒரு மனு, 30 நாளில் பதில் வரணும். மனு எழுதத் தெரியாதவர்கள் கூட்டமைப்பு ஆபீசுக்கு வாருங்கள், மாதிரிப் படிவம் இருக்கிறது. நகல் கிடைத்த குழுக்கள் ஒரு ஜெராக்ஸ் எடுத்து உங்கள் கிளஸ்டர் பிரதிநிதியிடம் கொடுத்து விடுங்கள். நாம் கேட்டது ஒரு பக்கம், தீர்மானத்தில் ஏறியது ஒரு பக்கம், நடந்த வேலை ஒரு பக்கம் என்று மூன்று கட்டம் போட்டு, ஊர் வாரியாக அடுத்த கூட்டமைப்புக் கூட்டத்தில் சுவரில் ஒட்டிப் பார்ப்போம்.